போட்டு வாறன்

யாக்கோப்பு பாதர் விட்டது சின்னப் பிழைதான். வவுனியாவில் இருக்கும் இன்னொரு பாதர் பென்டிரைவில் போட்டுக் கொடுத்த படத்தை அவர் ஒரு நிமிடம் ஓடவிட்டுப் பார்த்தார். மூன்று பிள்ளைகள் மொட்டை மாடியில் நின்று ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பாதர் உடனே அதைச் சிறுவர் படம் என்று முடிவு கட்டிவிட்டார். படத்தில் சிறுவர் இருந்தால் அது சிறுவர் படம். மிச்சத்தைப் பார்க்க அவருக்கு எங்கே நேரம்? முல்லைத்தீவுக் கரையில் மூன்று கோயில்களுக்கும் சேர்த்து ஒரே பாதர், ஒரே மோட்டார் சைக்கிள்.

ஞாயிறு பூசை முடிந்ததும் மறைக்கல்விப் பிள்ளைகளை மண்டபத்தில் இருத்தினார்கள். யன்னல்களைப் பழைய தறப்பாள்களால் மூடி, சுவரில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டினார்கள். வீட்டுக்குப் போயிருக்க வேண்டிய தாய்மாரும் படம் என்றதும் பின்வாங்குகளில் வந்து குந்திவிட்டார்கள். கீழே தமிழில் எழுத்து ஓடும் என்று வவுனியாப் பாதர் சொல்லியிருந்தார். ஓடியது உண்மைதான். ஆனால் எழுத்து அல்ல, வரிசை வரிசையாகச் சின்னச் சதுரப் பெட்டிகள். ஒரு பெட்டிக்கும் மற்றப் பெட்டிக்கும் வித்தியாசமே இல்லை. படத்திலோ எல்லாரும் தொண்டைக்குள்ளிருந்து என்னவோ பேசிக்கொண்டிருந்தார்கள். இரண்டு நிமிடத்தில் மண்டபம் மீன் ஏலம் போடும் இடமாகிவிட்டது.

"பாதர், இது அரபுப் படம்," என்று பின்னாலிருந்து யூலிற்றாவின் குரல் எழுந்தது. யூலிற்றாவின் குரல் எழுந்தால் மற்றக் குரல்கள் அடங்கும். "எங்கட ஆன்சலாவுக்கு அரபு தண்ணி பட்ட பாடு. நாலு வருசம் குவைத்தில இருந்தவா. அவா சொல்லுவா."

ஆன்சலா யூலிற்றாவின் தம்பி வின்சனைக் கட்டியவள். அவளுக்குப் பக்கத்திலிருந்த ஏழு வயது றெஜி, "எங்கட அம்மா, எங்கட அம்மா," என்று எழும்பித் துள்ளினான். இரண்டு வாங்கு முன்னால் தன் வயதுப் பிள்ளைகளோடு இருந்த மகள் யதுசா திரும்பிப் பார்க்கவில்லை. யதுசாவுக்குப் பதின்மூன்று வயது.

"உமக்குத் தெரியும்தானே, ஆன்சலா. முன்னுக்கு வந்து பிள்ளையளுக்குச் சொல்லும்," என்றார் பாதர்.

தெரியாது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் நாலு வருடம் அங்கே என்ன செய்தாய் என்ற கேள்வி வரும். ஆன்சலா எழும்பிப் போய் வேட்டிக்குப் பக்கத்தில் நின்றாள்.

அவளுடைய அரபு எப்படிப்பட்ட அரபு என்பதை நாங்கள் சொல்லிவிடுவோம், அவள் சொல்ல மாட்டாள். குவைத்தில் இறங்கிய முதல் நாள் மேடம், "தாலி! தாலி!" என்று சத்தம் போட, ஆன்சலா நெஞ்சைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். கோயிலில் பாதர் மந்திரித்து வின்சன் கட்டிய தாலியை இந்த மனுசி ஏன் கேட்கிறாள் என்று அழுகையே வந்துவிட்டது. தாலி என்றால் அந்த ஊரில் 'இங்கே வா' என்று தெரிய இரண்டு நாள் எடுத்தது. அதற்குப் பிறகு படித்ததெல்லாம் அந்த வகைதான். கொண்டு வா, கழுவு, துடை, கதவைப் பூட்டு, கெதியாய். ஒரு எசமானி வேலைக்காரிக்குச் சொல்லும் அரபு முழுக்க அவளுக்குப் பாடம். ஒரு தாய் பிள்ளைக்குச் சொல்லும் அரபு அவளிடம் ஒரு சொல்லும் இல்லை. அதை அவளுக்குச் சொல்ல அங்கே யார் இருந்தார்கள்?

இதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று அவள் மனதில் கிடந்து உருண்டது. அடுத்த கிழமை செவ்வாய்க்கிழமை அவள் திரும்பவும் குவைத்துக்குப் போகிறாள். வின்சனுக்குத் தெரியும், யூலிற்றாவுக்குத் தெரியும். பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. வின்சனுக்கு ஒரு கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. கரையில் இருந்து வலை திருத்துவான், கரைவலை இழுக்கிறவர்களுக்குக் கயிறு சுற்றிக் கொடுப்பான். அந்த வருமானத்தில் வீடு ஓடாது என்பது யதுசாவுக்கும் விளங்கும். ஆனால் போன முறை போனதைத்தான் ஆன்சலாவால் நினைக்க முடியவில்லை. விடியப்புறம் வான் வந்து ஒழுங்கை முகப்பில் நின்றது. பிள்ளைகள் நித்திரை. எழுப்பினால் அழுவார்கள், அழுதால் போக முடியாது. செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாள். அப்போது யதுசாவுக்கு எட்டு வயது. இந்த முறை சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் வாயைத் திறக்கிறாள், ஒவ்வொரு நாளும் "சாப்பிட்டியோ?" என்ற சொல்தான் வருகிறது.

படம் ஓடியது. கடற்கரைப் பட்டினம் ஒன்று. வெள்ளை வீடுகள். ஒரு தாயும் மூன்று பிள்ளைகளும். மூத்தவள் பத்து வயதுப் பெண், அடுத்தவன் பொடியன், கடைசி தவழ்ந்து முடிந்து நடக்கத் தொடங்கிய குழந்தை. தாய் சாக்குப் போன்ற மண்ணிறக் கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு, கயிறு கட்டிய பெட்டியைக் கதவடியில் வைத்தாள். பிறகு மூத்தவளைக் கூப்பிட்டாள்.

"தாலி," என்றாள் படத்துத் தாய்.

"இஞ்ச வா எண்டு கூப்பிடுறா," என்றாள் ஆன்சலா. மண்டபம் அமைதியாகியது.

அதற்குப் பிறகு நடந்ததை ஆன்சலா எதிர்பார்க்கவில்லை. அந்தத் தாய் பேசியது அவளுக்கு விளங்கத் தொடங்கியது. தண்ணீர் கொண்டு வந்து வை. துணியைக் கழுவு. சின்னவனுக்குச் சாப்பாடு கொடு. கதவைப் பூட்டு. ஒருவரையும் உள்ளே விடாதே. எல்லாம் அவள் குவைத்துக் குசினியில் கேட்ட சொற்கள். ஒரு சொல்லும் பிசகாமல் தமிழில் சொன்னாள். பின்வாங்கில் யூலிற்றா பெருமையில் நிமிர்ந்து இருந்தாள். ஆன்சலாவுக்குத்தான் குழப்பமாக இருந்தது. இந்த மனுசி பெற்ற பிள்ளையோடு கதைக்கிறாளா, வேலைக்காரியோடு கதைக்கிறாளா? பத்து வயதுப் பிள்ளை தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டு நின்ற விதம், முதல் நாள் அவளே நின்ற விதமாக இருந்தது.

அந்தப் பிள்ளை ஏதோ கேட்டது. தாய், "புக்றா," என்றாள்.

"நாளைக்கு எண்டு சொல்லுறா," என்றாள் ஆன்சலா. புக்றாவை அவளுக்கு நல்லாய்த் தெரியும். வீட்டுக்கு எப்போது போன் எடுக்கலாம் என்று கேட்கும்போதெல்லாம் மேடம் சொன்ன நாளைதான் அது.

தாய் பெட்டியைத் தூக்கினாள். வாசலில் நின்று திரும்பினாள். மூத்தவளின் தலையில் கையை வைத்து ஒரு வசனம் சொன்னாள். நீளமான வசனம் இல்லை. ஆன்சலாவின் காதில் அது 'பீமானில்லா' என்று விழுந்தது.

அந்தச் சொல்லை அவள் ஆயிரம் முறை கேட்டிருக்கிறாள். மேடம் போனில் கதைத்து முடிக்கும்போது சொல்வது. போனை வைக்கப் போகிறேன் என்பதற்கு அரபு அதுதான் என்று நாலு வருடமும் நினைத்துக்கொண்டிருந்தாள். இங்கே போன் இல்லை. வாசல்தான் இருக்கிறது.

"என்னவாம், அக்கா?" என்று முன்வரிசைப் பிள்ளை ஒன்று கேட்டது.

வாசலில் நின்று ஒருத்தி வேறு என்ன சொல்வாள்? தமிழில் வாசலில் நின்று சொல்வதற்கு ஒன்றுதான் இருக்கிறது, போய்விட்டு வருகிறேன் என்பது.

"போட்டு வாறன் எண்டு சொல்லுறா," என்றாள் ஆன்சலா.

சொன்னபோது அவள் குரல் உடைந்தது. யாரும் கவனித்திருக்க மாட்டார்கள், ஆனால் யதுசா தலையை நிமிர்த்திப் பார்த்தாள். படத்தை அல்ல, தாயை.

பாதருடைய சிறுவர் படம் அதற்குப் பிறகு போன போக்கை என்னவென்று சொல்வது! நாளைக்கு என்ற தாய் நாளைக்கு வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. குழாயில் தண்ணீர் நின்றது. பிள்ளைகள் போத்தல் பொறுக்கினார்கள். கதிரைக் கால்களை உடைத்து அடுப்பெரித்தார்கள். பக்கத்து வீட்டு ஆள் வந்து கேட்டபோது மூத்தவள் கதவுக்குள் நின்று தாயின் குரலில் பதில் சொன்னாள். இரவில் படுக்கும்போது கதவுப் பிடியில் ஒரு நூலைக் கட்டி, மறு நுனியைத் தன் கால் பெருவிரலில் கட்டிக்கொண்டாள். கதவு திறந்தால் விரல் இழுபட வேண்டும், தான் எழும்ப வேண்டும். அதைப் பார்த்ததும் மண்டபத்தில் சிரித்துக்கொண்டிருந்த பிள்ளைகளும் அடங்கிப்போனார்கள்.

ஆன்சலாவுக்கு இனி ஒன்றும் விளங்கவில்லை. பிள்ளைகள் தங்களுக்குள் பேசிய அரபில் கட்டளை இல்லை, அதனால் அவளுக்குச் சொல்லும் இல்லை. கேட்டவர்களுக்கு ஏதேதோ சொன்னாள். பசிக்குதாம். குளிருதாம். அம்மா கெதியில வருவாவாம். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தபோது ஒன்றும் சொல்லாமல் நின்றாள்.

"அவா வாறன் எண்டு சொன்னவாதானே, அக்கா?" என்றான் ஒரு பொடியன் கோபமாக. "பிறகேன் வரேல்லை?"

"சொன்னவா, சொன்னவா. நானும் கேட்டனான்," என்றது இன்னொரு குரல், அரபு தெரிந்தது போல.

கடைசிக் காட்சி. மூத்தவள் படுத்திருக்கிறாள். நூல் தளர்ந்து தரையில் கிடக்கிறது. நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு நூல் மெல்ல விறைத்தது. பெருவிரல் இழுபட்டது. பிள்ளை கண்ணைத் திறந்தாள். அவ்வளவுதான், வேட்டி கறுத்துப்போய் எழுத்து ஓடத் தொடங்கிவிட்டது, அதுவும் பெட்டிகளாக.

"ஆர் வந்தது?" "ஆர் கதவைத் திறந்தது?" "தாயோ?" "கள்ளனோ?" மண்டபம் முழுவதும் ஆன்சலாவைப் பார்த்தது. படத்தை எடுத்தவர் சொல்லாததை அவள் சொல்ல வேண்டுமாம்.

"அம்மாதான்," என்றாள் ஆன்சலா. "அம்மா வந்திட்டா."

பிள்ளைகள் கை தட்டினார்கள். பாதர் வெளியே வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். தாய்மார் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு போனார்கள். யதுசா கை தட்டவில்லை.

மத்தியானம் சாப்பிட்டு முடிந்து, யதுசா கிணற்றடியில் சோற்றுக் கோப்பைகளைக் கழுவினாள். தாய் வந்து பத்து மாதமாகியும் அந்த வேலையை அவள் விட்டுக்கொடுக்கவில்லை. சோறு வடிப்பது, றெஜியைக் குளிக்க வார்ப்பது, தகப்பனின் சாரத்தைத் தோய்ப்பது எல்லாம் இந்த வீட்டில் அவள் கையில் இருந்தன. ஆன்சலா ஏதாவது ஒன்றைத் தூக்கினால், "வையுங்கோ, நான் செய்யிறன்," என்று மரியாதையாகச் சொல்வாள். அந்த மரியாதையைக் கேட்டால் ஆன்சலாவுக்குத் தான் இந்த வீட்டுக்கு வந்த விருந்தாளியோ என்று தோன்றும்.

"அம்மா," என்றாள் யதுசா, கோப்பையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அந்தப் பொம்பிளை வாசல்ல வைச்சுச் சொன்னது என்ன?"

"போட்டு வாறன் எண்டு."

"அரபிலயும் அப்பிடித்தான் சொல்லுறவையோ?"

"ஓம்."

"கடைசியில வந்தது அவாதானெண்டு படத்தில காட்டேல்லையே."

ஆன்சலாவுக்குப் பொய் சொல்லிக் களைத்துவிட்டது. "எனக்குத் தெரியாது, பிள்ளை. வந்தது ஆரெண்டும் தெரியாது. வாசல்ல சொன்னது என்னெண்டும் சரியாத் தெரியாது. அப்பிடித்தான் இருக்குமெண்டு சொன்னனான்."

யதுசா கோப்பைகளை அடுக்கினாள். "சொல்லிப்போட்டுப் போனபடியாத்தான் அந்தப் பிள்ளை நூல் கட்டிச்சு," என்றாள். "சொல்லாட்டிக் கட்டியிராது."

அது குற்றமா, ஆறுதலா? ஆன்சலா அன்று முழுவதும் அந்த வசனத்தை வைத்துக்கொண்டு அங்குமிங்கும் நடந்தாள். சொல்லாமல் போனதால் என் பிள்ளை எனக்காகக் காத்திருக்கவில்லை என்கிறாளா? சொல்லிவிட்டுப் போய் வராமல் விடுவதைவிடச் சொல்லாமல் போனது நல்லது என்கிறாளா? வின்சனிடம் கேட்டாள். "சின்னப் பிள்ளையின்ர கதையை ஏன் தூக்கிப் பிடிக்கிறாய்? படத்தைப் பாத்துப் பயந்துபோச்சு," என்றான் அவன். ஆம்பிளைகளுக்கு எதுவும் இலேசு.

திங்கட்கிழமை விடிந்ததும் ஆன்சலா முகம் கழுவக் கிணற்றடிக்குப் போக எழும்பினாள். கதவைத் திறந்தாள். ஏதோ தடுத்தது. பிறகு விட்டது. குனிந்து பார்த்தால், கதவுக் கொளுக்கியில் ஒரு தங்கூசி கட்டியிருந்தது. தகப்பன் தூண்டிலுக்கு வைத்திருக்கும் நைலோன் நூல். அது தரையோடு போய், பாயில் படுத்திருந்த யதுசாவின் போர்வைக்குள் மறைந்தது. யதுசா எழும்பி நிமிர்ந்து இருந்தாள்.

"எங்க போறீங்கள்?"

"முகம் கழுவ, பிள்ளை. கிணத்தடிக்கு."

யதுசா அவளுடைய வெறுங்கையைப் பார்த்தாள். பிறகு குனிந்து விரலில் இருந்த முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள். "றெஜிதான் விளையாட்டுக்குக் கட்டினவன்," என்றாள். றெஜி அடுத்த அறையில் தகப்பனோடு கிடந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அவன் கட்டினால் அது முடிச்சாக இருக்காது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

பள்ளிக்கூடம் வெளிக்கிடும் நேரம் யதுசா சைக்கிளை உருட்டிக்கொண்டு படலையடிக்குப் போனாள். பள்ளிக்கூடம் முடிந்து ரவுணில் ரியூசன், நாலு மணிக்குத்தான் திரும்புவாள். படலையைத் திறந்து, ஒரு காலை மிதியில் வைத்துக்கொண்டு, திரும்பிப் பார்த்துச் சொன்னாள்:

"அம்மா, போறன்."

கேட்கிறவர்களுக்கு இது ஒன்றுமில்லை என்று தோன்றலாம். எங்கள் பக்கத்தில் யாரும் அப்படிச் சொல்லிப் படலை தாண்டுவதில்லை. கடைக்குப் போனாலும் கண்டத்துக்குப் போனாலும் 'போட்டு வாறன்'தான். வாய் தவறிப் 'போறன்' என்று வந்துவிட்டால், உள்ளே இருக்கிறவர்கள் கூப்பிட்டுத் திருத்திச் சொல்லவைத்துத்தான் அனுப்புவார்கள். ஒரே ஒரு இடத்தில்தான் இந்தச் சொல் வேண்டாம். செத்த வீட்டிலிருந்து வெளிக்கிடும்போது வாறன் என்று சொல்லக் கூடாது, சொல்லாமல் கொள்ளாமல் எழும்பிப் போய்விட வேண்டும்.

"என்ன கதை இது? போட்டு வாறன் எண்டு சொல்லு!" என்று கத்திக்கொண்டு ஆன்சலா ஓடினாள். படலைக்கு வந்து சேர, சைக்கிள் ஒழுங்கை முடக்கால் திரும்பிவிட்டது. செருப்பில்லாத காலோடு மணலில் நின்றபோதுதான் அவளுக்கு அது உறைத்தது. கிட்டத்தட்ட ஐந்து வருடத்துக்கு முன் இதே படலையால் அவள் சொல்லாமல் இறங்கிப் போனாள். இரண்டு பிள்ளைகள் உயிரோடு படுத்துக்கிடந்த வீட்டை விட்டு, செத்த வீட்டிலிருந்து போகிற மாதிரிப் போனாள்.

வீட்டில் இருக்க முடியவில்லை. கரைக்குப் போனாள். வலை இழுத்து முடிந்து, அன்ஸார் தன் ஐஸ் லொறியைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். நீராவிப்பிட்டி ஆள், இந்தக் கரையில் பத்து வருடமாக மீன் எடுக்கிறவர். வெள்ளை றெஜிபோம் பெட்டிகளில் பாரை மீனை அடுக்கி ஐஸ் கொட்டிக்கொண்டிருந்தார்.

"அன்ஸார் நானா, ஒரு அரபுச் சொல்லுக்குத் தமிழ் வேணும்."

அன்ஸார் சிரித்தார். "குவைத்தில இருந்த ஆள் நீங்க. நான் புத்தளத்தில ஓதின ஆள். என்னட்டயா கேக்கிறீங்க?"

"பீமானில்லா எண்டா என்ன? போன் வைக்கேக்க சொல்லுறது."

அவர் இரண்டு மூன்று முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு, "ஆ, ஃபீ அமானில்லாஹ்!" என்றார். "அது போனுக்கெண்டு இல்ல, தங்கச்சி. பிரிஞ்சு போகேக்க சொல்லுறது. உன்னை அல்லாஹ்ட பாதுகாப்பில விட்டிட்டுப் போறன் எண்டு அர்த்தம்."

"திரும்பி வருவன் எண்டு அதில இருக்கோ?"

"அந்தச் சொல்லில இல்ல." அவர் கையிலிருந்த ஐஸைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு யோசித்தார். "ஆனா அமானிதம் எண்டு நாங்க சொல்லுறது. ஒரு பொருளை ஒருத்தர் கையில பாத்துக்கொள்ளச் சொல்லிக் குடுக்கிறது. குடுத்தா வந்து எடுக்கத்தானே வேணும்? தொண்ணூறில முஸ்லிம் ஆக்களை ஊரை விட்டுப் போகச் சொல்லி நாங்க வெளிக்கிடேக்க, வாப்பா வீட்டைப் பூட்டித் திறப்பைப் பக்கத்து வீட்டுப் பொன்னையா அண்ணர்ட கையில குடுத்தவர், அமானிதம் எண்டு சொல்லி."

"வந்து எடுத்தவரோ?"

"வாப்பா வரேல்ல. புத்தளத்திலயே மவுத்தாகிட்டார். இருபது வருசம் கழிச்சு நான்தான் வந்தன். வீடு இல்ல, கல்லும் இல்ல. பொன்னையா அண்ணர் சண்டைக்க அந்த ஓட்டமெல்லாம் ஓடியும் திறப்பை வைச்சிருந்தவர். சொல்லிக் குடுத்ததுதானே, எப்பிடி எறியிறது எண்டு கேட்டார்."

"சொல்லாம வைச்சிட்டுப் போனா?"

அன்ஸார் பெட்டி மூடியை அழுத்திப் பூட்டினார். "சொல்லாம வைச்சிட்டுப் போனா அது அமானிதம் இல்ல, தங்கச்சி. விட்டிட்டுப் போனதுதான்." அவர் வேறெதையும் நினைத்துச் சொல்லவில்லை, பாவம். அடுத்த பெட்டியைத் திறந்துகொண்டு, "பாரை நல்லா இருக்கு, கறிக்கு ரெண்டு எடுத்துக்கொண்டு போங்க," என்றார்.

மீனைக் கொண்டுவந்து குசினியில் வைத்தவள் அதை வெட்டவில்லை. இரண்டு மணிக்கு முன்னமே படலையடியில் போய் நின்றுவிட்டாள். நாலு மணிக்கு வரும் பிள்ளைக்கு இரண்டு மணியிலிருந்து காத்து நிற்பது பைத்தியம் என்று அவளுக்குத் தெரியும். போறன் என்று சொல்லிவிட்டுப் போனாளே. ரவுண் றோட்டில் லொறிகள் எவ்வளவு வேகமாகப் போகின்றன. கோபத்தில் எங்கேயாவது போய்விட்டாளோ? எங்கே போவாள்? ஒவ்வொரு சைக்கிள் மணிக்கும் ஒழுங்கைக்கு இறங்கிப் பார்த்தாள். வின்சன் வந்து ஒரு முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனான். ஒரு பின்னேரம் இப்படி என்றால் நாலு வருடம் எப்படி இருந்திருக்கும் என்று கணக்குப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை.

நாலேகாலுக்கு யதுசா வந்தாள். எப்போதும் வருகிற மாதிரித்தான், வேர்த்து விறுவிறுத்து, வந்ததும் வராததுமாக, "றெஜி சாப்பிட்டவனோ?" என்று கேட்டுக்கொண்டு. மாமி யூலிற்றா வீட்டில் சாப்பிட்டுவிட்டு அங்கேயே விளையாடுகிறான் என்று சொல்லி, ஆன்சலா அவளுக்குச் சோறு போட்டாள். யதுசா தடுக்கவில்லை. குசினி நிலத்தில் இருந்து சாப்பிட்டாள். ஆன்சலா எதிரே இருந்தாள்.

"யது, உனக்கு அம்மா ஒண்டு சொல்லோணும்."

"செவ்வாய்க்கிழமை."

ஆன்சலா குனிந்து அவள் முகத்தைப் பார்த்தாள். "ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. புதுச் சூட்கேஸ் மாமி வீட்டுக் கட்டிலுக்குக் கீழ கிடக்கு, மேல திகதி போட்ட ரிக்கெற்றும். அங்க கூட்டுறது நான்தானே."

"நான் சொல்லத்தான் இருந்தனான், பிள்ளை. வாய் வரேல்லை. போன முறையும் சொல்லத்தான் நினைச்சனான். நீ நல்ல நித்திரை. எழுப்பினா என்னால போக ஏலாது எண்டுதான்..."

"நான் நித்திரை இல்லை," என்றாள் யதுசா.

அவள் சோற்றைக் குழைத்துக்கொண்டே சொன்னாள், வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வது போல. "நீங்கள் வந்து போர்வையை இழுத்து விட்டனீங்கள். பிறகு என்ர காலடியில கொஞ்ச நேரம் நிண்டனீங்கள். கையில செருப்பு இருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தனான், சொல்லுவீங்கள் எண்டு. கண்ணைத் திறந்தா அழுவன், அழுதா நீங்கள் போகாம நிண்டிடுவீங்கள், அப்பாவுக்குக் கஷ்டம் எண்டு மாமி முதல் நாள் சொன்னவா. அதுதான் திறக்கேல்லை."

ஆன்சலா வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகை வந்ததா, வெட்கம் வந்ததா, அவளுக்கே தெரியவில்லை. கிட்டத்தட்ட ஐந்து வருடமாகத் தான்தான் பிள்ளையை ஏமாற்றியதாக நினைத்துக்கொண்டிருந்தாள். எட்டு வயதுப் பிள்ளை அல்லவா கண்ணை மூடிக் கிடந்து அவளை வழியனுப்பியிருக்கிறது!

அந்த நேரம் பார்த்து அலுமாரிக்கு மேலே இருந்த போன் அடித்தது. கொழும்பிலிருந்து ஏஜென்சிக்காரப் பெண். இதுவரை அந்த நம்பர் வந்தால் ஆன்சலா போனைத் தூக்கிக்கொண்டு வேலிக்கரைக்குப் போய்விடுவாள். இன்று குசினிக்குள்ளேயே நின்று எடுத்தாள்.

"அக்கா, வாற கிழமை செவ்வாய் காலமை இங்க நிக்கோணும். வாறீங்கள்தானே?"

வாறன் என்று ஒரு சொல். அதை அங்கே சொன்னால் இங்கே என்ன சொல்வது? இருக்கிறது ஒரே வாறன்தான். ஆன்சலா யதுசாவைப் பார்த்தாள்.

"இன்னும் பிள்ளைக்குச் சொல்லேல்லை," என்றாள் போனில். "சொல்லிப்போட்டு எடுக்கிறன்."

அந்தப் பெண் என்னவோ சொல்லிக்கொண்டிருக்க, ஆன்சலா போனை வைத்துவிட்டு மகளுக்கு முன்னால் வந்து இருந்தாள். போவதா, நிற்பதா என்று அவளுக்கு அந்த நிமிடம் நிச்சயமாகத் தெரியவில்லை. எது என்றாலும் வாயால் சொல்லித்தான் ஆக வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது.

"யது," என்றாள், "குவைத்தில இருந்து அம்மாவுக்குத் திரும்பவும் ஒரு வேலை வந்திருக்கு."

யதுசா கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, முதல் முறை கேட்பவளைப் போலக் கேட்டுக்கொண்டிருந்தாள். இந்த முறை கண்ணை மூடவில்லை.